டேட்டாபேஸ் வாடகைக்கு!

ஆபீஸில் பல வருஷத்து ஒப்பந்தங்கள், எல்லாமே எக்ஸ்எம்எல் ஃபைல்கள். ''லினக்ஸ் மெஷின்ல டேட்டாபேஸ் போட்டு, கேட்டதைத் தேடிக் கொடுப்பா. காசு மட்டும் கேக்காதே!'' என்றார் மேனேஜர். வாடகை வீடு தேடுகிற மாதிரி கிளம்பினேன்.

முதலில் போஸ்ட்கிரெஸ். 2008-ல் வந்த 8.3 பதிப்பிலிருந்தே எக்ஸ்எம்எல்லுக்கு இடமுண்டு. ஆனால் எக்ஸ்பாத் 1.0-வோடு சரி, எக்ஸ்குவெரி கிடையாது. பெரும்பாலும் அட்டவணை, கொஞ்சம் எக்ஸ்எம்எல் என்றால் இதுவே போதும். என் கதையோ ஷரத்துக்குள் ஷரத்து!

அடுத்து ஜிண்டீச்சே. அப்பாச்சிக்காரர்கள் 2011-லேயே அதைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். (நிறுத்திய வேலைகளை வைக்கும் இடத்துக்கு அவர்கள் வைத்த பெயரே 'பரண்'தான்!) ஆள் இல்லாத வீட்டில் குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிட?

மிஞ்சியது இரண்டு: எக்ஸிஸ்ட், பேஸ்எக்ஸ். இரண்டும் ஜாவா, இலவசம், எக்ஸ்குவெரி தெரிந்தவை. வெப் அப்ளிகேஷனையும் உள்ளேயே குடிவைக்க எக்ஸிஸ்ட் சௌகரியம். தேடுவதுதான் பிரதானம் என்றால் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த பேஸ்எக்ஸ். ஒரு விஷயம்: ஃபைலைத் திருத்தினால் அதன் இண்டெக்ஸ் தானாகப் புதுப்பிக்கப்படாது. டேட்டாபேஸை உருவாக்கும்போதே 'அப்டிண்டெக்ஸ்' ஆப்ஷனைப் போட வேண்டும். இல்லாவிட்டால் தேடல் ஆமைதான்.

பேஸ்எக்ஸில் நூறு ஒப்பந்தங்களை ஏற்றினேன், தேடினேன். கடைசியாக முக்கியமான சோதனை: எல்லாவற்றையும் திரும்ப வெளியே எடுத்தேன். ஒரு ஷரத்து குறையவில்லை. காலி பண்ணும்போது கொடுத்தது முழுசாகத் திரும்ப வந்தால்தான் நல்ல வீடு.

என் நிஜ வீட்டு ஓனரிடம்தான் அட்வான்ஸ் இன்னும் வரவில்லை!