புகை இல்லாத தணலும் உயிரைப் பறிக்கும்!

மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, குந்தா, கொடைக்கானல் பகுதிகளில் உறைபனி விழும். காய்கறித் தோட்டங்களில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கும் குடும்பங்கள், இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைப் பற்றவைத்து அறைக்குள் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் படுப்பது உண்டு. அப்படிப் படுத்தவர்கள் காலையில் எழாமலே போன செய்திகள் இந்த மலைகளிலிருந்து பலமுறை வந்துள்ளன. கரியைப் பற்றி நிலவும் சில தவறான எண்ணங்களே இதற்குக் காரணம்.

'புகை அடங்கிவிட்டால் ஆபத்தில்லை'

தவறு. கங்கு சிவந்தபின் புகை கண்ணுக்குத் தெரியாது. ஆனால், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு அது ஒட்டிக்கொள்ளும். சாம்பல் போட்டு மூடிய தணலிலும் இந்த வாயு வரும்.

'மூச்சு முட்டினால் விழிப்பு வந்துவிடும்'

வராது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி ஆகியவையே முதல் அறிகுறிகள். விழித்திருப்பவரே இதைக் குளிர்க்காய்ச்சல் என்று நினைத்துவிடுவார். தூங்குபவர் அப்படியே மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார்.

'பக்கத்தில் தண்ணீர் வைத்தால் போதும்'

இந்த வாயு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். ஏறக்குறைய காற்றின் எடையே இதற்கும் இருப்பதால் அறை முழுக்கப் பரவும். கட்டிலில் படுத்தாலும் தரையில் படுத்தாலும் ஒன்றுதான். ஜன்னலை விரலளவு திறந்து வைப்பதை நம்பியும் தூங்கக் கூடாது.

'மண்ணெண்ணெய் ஸ்டவ் என்றால் பயமில்லை'

மூடிய அறையில் எரியும் எந்த அடுப்பும் இந்த வாயுவை உண்டாக்கலாம். மண்ணெண்ணெயில் தீப்பிடிக்கும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. கோழிக்குஞ்சுகளுக்குக் கதகதப்பூட்டக் கரிச் சட்டி வைத்த கொட்டகைக்குள் காவலுக்குப் படுப்பதும் இதே ஆபத்துதான்.

என்ன செய்யலாம்?

குளிர்காய்வதைத் திறந்த வெளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தணல் முழுவதும் அணையும்வரை சட்டியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். படுக்கும்போது கம்பளி, காலுறை, குல்லாய் அணியலாம். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளலாம். தரையில் வைக்கோலோ சாக்கோ பரப்பி, அதன்மேல் பாய் விரித்தால் குளிர் ஏறுவது குறையும்.

யாராவது மயங்கிக் கிடந்தால், கதவு, ஜன்னல்களை அகலத் திறந்து, அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-க்கு அழையுங்கள். அறையில் கரி எரிந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டர், இந்த நச்சு ஏறியவருக்கும் ஆக்ஸிஜன் அளவு சரியாக இருப்பதுபோலவே காட்டும். அதை நம்பி வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம். அவருக்கு ஆக்ஸிஜன் கொடுப்பதே முதல் சிகிச்சை.