பகா எண்ணா வேஷம் போட்ட 147573952589676412927

சதுரங்கப் பலகைக் கதை தெரியும்ல? முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததுக்கு ரெண்டு, அப்புறம் நாலுன்னு இரட்டிப்பாக்கிக்கிட்டே போய் ராஜாவோட களஞ்சியத்தையே காலி பண்ற கதை. பலகையில 64-க்குப் பதிலா 67 கட்டம் இருந்தா மொத்த நெல் மேல தலைப்புல இருக்குற எண்தான். 21 இலக்கம். 67 இரண்டுகளைப் பெருக்கி ஒண்ணைக் கழிச்சாலும் இதே விடை வரும். எண் கோட்பாடு படிக்க ஆரம்பிச்சதுல இருந்து எனக்கு ரொம்பப் பிடிச்ச எண் இது.

1644-ல மெர்சென்னுன்னு ஒரு பிரெஞ்சுத் துறவி, இப்படி வர்ற எண்கள்ல எதெல்லாம் பகா எண்ணுன்னு ஒரு பட்டியல் போட்டார். அதுல 67-உம் இருந்துச்சு. 232 வருஷம் கழிச்சு, 1876-ல லூகாஸ் வந்து "இது பகா எண்ணே இல்லை"ன்னு நிரூபிச்சார். வேடிக்கை என்னன்னா, எந்த எண்ணால வகுபடும்னு அவருக்கும் தெரியாது!

அது எப்படி முடியும்? அவர் வழியைப் பின்னாடி லேமர் சுலபமாக்கினார். 4-ல ஆரம்பிங்க. வர்க்கம் போட்டு 2 கழிங்க. சோதிக்கிற எண்ணால வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கிட்டு, திரும்பவும் அதையே செய்யுங்க. 31-க்கு (அஞ்சு இரண்டுகளைப் பெருக்கி ஒண்ணு கழிச்சது) 4, 14, 8, 0. மூணாவது தடவை பூஜ்யம் வந்துடுச்சு, அதனால பகா எண். நம்மாளுக்கு 65 தடவை செஞ்சு பார்த்தா பூஜ்யம் வராது. வேஷம் கலைஞ்சது. ஆனா காரணி? மூச்சு விடாது.

1903 அக்டோபர்ல, நியூயார்க்ல நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்துல கோல் அதைக் காட்டினார்: 193707721 × 761838257287. ஒரு வார்த்தை பேசாம கரும்பலகையில பெருக்கிக் காட்டிட்டுப் போய் உட்கார்ந்தார்னும், இதுக்கு மூணு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் ஆச்சுன்னு பின்னாடி சொன்னார்னும் இ.டி. பெல் எழுதியிருக்கார். ரெண்டு காரணியையும் 134-ஆல வகுத்துப் பாருங்க, மீதி 1 வரும். 67-ஓட இரட்டிப்பு 134 இல்லையா, இந்த எண்ணோட எந்தக் காரணியும் அப்படித்தான் இருந்தாகணும்.

கண்டுபிடிக்க மூணு வருஷம், சரிபார்க்கச் சில நிமிஷம். இந்த இடைவெளிதான் விஷயமே. 1977-ல வந்த ஆர்.எஸ்.ஏ முறை இதை நம்பித்தான் நிக்குது. நான் இங்கேர்ந்து ஊருக்குப் பணம் அனுப்பும்போது, வங்கித் தளம் அசலா போலியான்னு சொல்ற சான்றிதழ்கள்ல நிறையப் பேர் பயன்படுத்துறது 617 இலக்க எண். அது பகா எண் இல்லைன்னு ஊருக்கே தெரியும். காரணி தெரிஞ்சவன் சாவிக்காரன் மட்டும். இன்னொருத்தன் சுலபமா கண்டுபிடிக்க ஒரு வழி வந்துட்டா அந்தப் பூட்டு அம்போ!

சரி, உங்களுக்கு ஒரு குட்டிக் கோல் வேலை. 11 இரண்டுகளைப் பெருக்கி ஒண்ணு கழிச்சா 2047. இதோட காரணிகளை 22-ஆல வகுத்தா மீதி 1 வரணும். என்னென்னன்னு பின்னூட்டத்துல போடுங்க மக்களே. கால்குலேட்டர் தொடக்கூடாது, ஆமா :-)