நிரற் களஞ்சியத்தை உலாவியிற் காணல்

கணினி நிரலைப் பலர் ஒருங்கு கூடி எழுதுங்கால், எவ்வரியை யார், என்று, எக்காரணம்பற்றி மாற்றினர் என்பது தெளிவாகக் குறிக்கப்பெறல் வேண்டும். அதன்பொருட்டு லினஸ் தோர்வால்ட்ஸ் என்பார் 2005-ஆம் ஆண்டு ஆக்கிய கருவியே கிட் ஆகும். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் காண்பார் படும் பாட்டினை அறிந்த எம்மனோர்க்கு, ஒவ்வொரு பேதமும் பெயரும் நாளுமாகத் தானே பதிந்து நிற்கும் இக்களஞ்சியம் பொறாமை விளைப்பதொன்றாம்.

எனினும், முனையத்திற் கட்டளையிடப் பழகாதார்க்கு அது பூட்டிய பேழையே. அன்னாரும் உலாவி வழியே நோக்குமாறு அமைந்தது கிட்வெப் என்னும் பெர்ள் மொழி நிரல். டெபியன் லினக்ஸ் பூண்ட சேவையகத்தில் அதனை நிறுவுதல் அரிதன்று. அப்பாச்சி, கிட், கிட்வெப் என்னும் மூன்று பொதிகளையும் ஏப்ட் கட்டளையால் நிறுவுக. வாசகர் ஒரு பக்கத்தை வேண்டுந்தோறும் அப்பாச்சி கிட்வெப்பை இயக்கி, அது தரும் விடையை அனுப்பும், இம்முறைக்கு சி.ஜி.ஐ. என்பது பெயர். ஆதலின் அப்பாச்சியின் சி.ஜி.ஐ. மாட்யூலைச் செயற்படுத்தி, அப்பாச்சியை மீளத் தொடங்குவித்தல் வேண்டும். களஞ்சியங்கள் உள்ள கோப்பகத்தை எட்சியிலுள்ள கிட்வெப் அமைவுக்கோப்பிற் குறித்திடுக.

இவ்வளவுஞ் செய்தும் களஞ்சியம் ஒன்றுந் தோன்றாமை உண்டு. அப்பாச்சி இயங்கும் பயனர்க்கு அக்கோப்பகத்தைப் படிக்கும் உரிமை இல்லாதிருத்தல் ஒரு காரணம்.   

யாம் பெரிதும் அஞ்சுவது வேறொன்று. இச்சாளரம் இன்றைய நிரலை மட்டுமன்று, அதன் பழைய பதிவுகள் அனைத்தையுங் காட்டும். ஒருவர் கோப்பிற் கடவுச்சொல்லை எழுதி மறுநாளே நீக்கியிருக்கலாம். நீக்கிய செயலே, நீக்கப்பெற்ற சொல்லோடு, யாவருங் காணச் சிவந்த வரியாய் அங்கே நிற்கும். பழம்பதிவுகளைத் திருத்தி எழுதுதல் கூடுமேனும், முன்னரே படியெடுத்தார் கையிலுள்ளதை யாவர் மீட்பார்? அக்கடவுச்சொல்லையே மாற்றிவிடுதல்தான் வழி.

அன்றியும், கோப்பகத்திலுள்ள களஞ்சியம் அனைத்தையும் திறந்துவிடுதல் ஒண்ணாது. அமைவுக்கோப்பில் ‘எக்ஸ்போர்ட் ஓகே’ என்பதற்கு ஒரு கோப்பின் பெயரைத் தந்தால், அப்பெயருடைய கோப்பு உள்ள களஞ்சியங்களே வெளிப்படும், ஏனைய மறைந்திருக்கும். அக்கோப்பினுள் ஒன்றும் எழுதவேண்டுவதில்லை, வெறுங்கோப்பே போதும்.