டயரைத் தட்டிப் பார்க்கும் நேரம்

லாரியின் சின்னச் சின்னக் கோளாறுகளைக் கவனிக்க வேண்டியது டிரைவரின் பொறுப்பு என்கிறது சட்டம். அதற்கான நேரமும் காசும் யார் கையில் இருக்கின்றன என்பது வேறு கதை.

தில்லியின் வட எல்லையில், கர்னால் சாலையை ஒட்டி இருக்கிறது சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர். இந்த லாரிப் பேட்டையில் ஹாரன் ஒலிக்கும் டீக்கடை இரைச்சலுக்கும் நடுவே ஒரு சத்தம் கேட்கும். இரும்புக் கம்பியால் டயரைத் தட்டும் சத்தம். காற்று சரியாக இருந்தால் கம்பி துள்ளித் திரும்பும், ஓசை கணீரென்று வரும். காற்று இறங்கியிருந்தால் 'தொப்'. பின்பக்கத்து இரட்டை டயர்களில் உள்பக்க டயர் காற்றிழந்தால், வெளிப்பக்க டயர் மொத்த பாரத்தையும் சுமந்துகொண்டு ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். கண்ணை ஏமாற்றலாம், கம்பியை ஏமாற்ற முடியாது.

தட்டி முடித்ததும் மற்ற வேலைகள். இரண்டு டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா? வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருக்கிறதா? வழிந்திருந்தால் நட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங் பட்டைகளில் ஏதாவது விரிசல் விட்டிருக்கிறதா? ஏர் டேங்கின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்தால் 'புஸ்'ஸென்று காற்றோடு தண்ணீரும் வரும். அந்தத் தண்ணீரை வெளியேற்றாவிட்டால் குளிர்கால வடக்கில் பிரேக் குழாய்க்குள் அது உறைந்துபோகும் அபாயம் உண்டு. கடைசியாக, சேறு அப்பிய பின்விளக்கை ஒரு துணியால் துடைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து கால் மணி நேர வேலை. இதைக் கற்றுத்தரப் பள்ளிக்கூடம் கிடையாது. 'உஸ்தாத்' என்று அழைக்கப்படும் டிரைவரிடம் திட்டு வாங்கியே கிளீனர் இதைக் கற்றுக்கொள்வது வடநாட்டு வழக்கம்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு இந்தக் கால் மணி நேரத்தைப் பற்றியதுதான். ஆபத்தை விளைவிக்கக்கூடிய கோளாறு இருப்பது தெரிந்தோ, சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் என்ற நிலையிலோ வண்டியை ஓட்டினால் குற்றம். 'எனக்குத் தெரியாது' என்று தப்பிக்க வழியில்லை. 2019-ல் திருத்தப்பட்ட பின் அபராதம் 1,500 ரூபாய் வரை. அதனால் விபத்து நேர்ந்து யாராவது காயமடைந்தாலோ பொருள் சேதம் ஏற்பட்டாலோ, மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஓட்டச் சொன்ன முதலாளியையும் இந்தப் பிரிவு விட்டுவைக்கவில்லை. ஆனால் நடுரோட்டில் போலீஸ் கையில் அகப்படுவது ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர்தான்.

தகுதிச் சான்று இருக்கிறதே என்று கேட்கலாம். எட்டு வயது வரையிலான சரக்கு வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுக்கொரு முறை. சோதனை முடிந்த மறுநாளே ஒரு பல்பு ஃப்யூஸ் ஆகலாம். அடுத்த மாதமே டயரின் பள்ளம் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிடலாம். இடைப்பட்ட ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு டிரைவரின் கண்ணும் காதும்தான் இன்ஸ்பெக்டர்.

அந்தக் கண்ணை மூடிக்கொள்ளத் தூண்டுவது காசு. இந்தியாவில் பெரும்பாலான லாரிகள் ஒன்றிரண்டு முதல் நாலைந்து வண்டிகள் வரை வைத்திருக்கும் சிறு முதலாளிகளுடையவை. பல இடங்களில் ஒரு டிரிப்புக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துவிடுவார்கள். டீசல், சாப்பாடு, பஞ்சர், சில்லறை ரிப்பேர் எல்லாம் அதற்குள். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு லாபம். ஏர் ஹோஸ் லேசாகக் கசிகிறது என்று நிறுத்தினால் ஹோஸுக்கும் காசு, மெக்கானிக்குக்கும் காசு. சரக்கு தாமதமானால் வாடகையில் பிடித்தம் வேறு. பழைய டியூபைக் கீற்றாக வெட்டி ஹோஸில் இறுக்கிச் சுற்றிவிட்டால் செலவே இல்லை. அது அடுத்த ஊர் வரை தாங்கும். ஆனால் அடுத்த ஊரிலும் வண்டி நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். இதைவிட மோசமானது, கசியும் சக்கரத்துக்குப் போகும் காற்றையே அடைத்துவிடுவது. மற்ற சக்கரங்கள் பிடிக்கும். சமதரையில் வித்தியாசம் தெரியாது. மலைப்பாதையில் தெரியும்.

மிச்சம் பிடிக்கும் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2022 நவம்பர் 20-ம் தேதி இரவு புனேயில் ஒரு சாட்சி கிடைத்தது. பெங்களூர்-மும்பை நெடுஞ்சாலையில் காத்ரஜ் பக்கமிருந்து நவலே பாலத்தை நோக்கி இறங்கும் சரிவில் ஒரு லாரி கட்டுப்பாடிழந்து வந்து வாகனங்களை வரிசையாக மோதித் தள்ளியது. நாற்பதுக்கும் அதிகமான வாகனங்கள் சேதம் என்றன முதல் செய்திகள். பலர் காயமடைந்தார்கள். பிரேக் ஃபெயிலியர் என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். டீசலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் வண்டியை உருளவிட்டிருக்கிறார் டிரைவர் என்றது போலீஸின் முதற்கட்ட விசாரணை. எஞ்சின் நின்றால் காற்றழுத்தம் தரும் கம்ப்ரசரும் நிற்கும். டேங்கில் மீதமுள்ள காற்றுதான் பிரேக். கியரில் இல்லாததால் எஞ்சினின் பிடியும் இல்லை. ஒரு கோளாறும் இல்லாத வண்டியில் கோளாறைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வழி இது.

டிரைவரை மட்டும் குறை சொல்வது சுலபம். முன்பெல்லாம் அவர் ஓட்டுவார், கிளீனர் இறங்கிப் பார்ப்பார். ரிவர்ஸ் எடுக்கும்போது தட்டிக் குரல் கொடுப்பதும், ஜாக்கி வைப்பதும், நள்ளிரவில் டயரைத் தொட்டுச் சூடு பார்ப்பதும் கிளீனரின் வேலை. செலவைக் குறைக்க இன்று பல முதலாளிகள் கிளீனரை நிறுத்திவிட்டார்கள். பிரேக் விளக்கு எரிகிறதா என்று தனியாளாகப் பார்ப்பது எப்படி? பெடலை மிதித்துக்கொண்டே பின்னால் போய் நிற்க யாராலும் முடியாது. ராத்திரி முழுக்க ஓட்டியவர், நீண்ட தூர ஓட்டத்திலும் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2025 வரை அமலில் இருந்த 1961-ம் ஆண்டுச் சட்டத்தைக் கேள்விப்பட்டே இருக்காதவர், காலையில் அந்தக் கால் மணி நேரத்தைத் தூக்கத்துக்குத்தான் கொடுப்பார்.

கை வைத்தியமும் கைநழுவிக்கொண்டிருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் விற்கப்படும் லாரிகளில் புகையைச் சுத்திகரிக்கும் யூரியா திரவமும் சென்சார்களும் உண்டு. டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்து எஞ்சின் வலுவிழந்தால் ஸ்பேனரால் ஆவது ஒன்றுமில்லை. கம்பெனி ஆள் லேப்டாப்போடு வர வேண்டும். இருபது வருட அனுபவசாலியும் அதுவரை நிழல் தேடி உட்காரவேண்டியதுதான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு தாள் இருக்கிறது. நாள் முடிவில், கண்ட கோளாறை டிரைவர் எழுதித் தர வேண்டும். ஓட்டத்தின் பாதுகாப்பைப் பாதிக்கும் கோளாறு என்றால் சரிசெய்துவிட்டோம் என்றோ, தேவையில்லை என்றோ நிறுவனம் கையெழுத்திட வேண்டும். அடுத்து வண்டியை எடுப்பவர் அதைப் படித்துவிட்டுத் தானும் கையெழுத்திட வேண்டும். அதாவது, 'பிரேக் சரியில்லை, சொன்னேன்' என்பதற்கு அங்கே எழுத்தில் சாட்சி இருக்கிறது. இங்கே மோட்டார் வாகனச் சட்டம் இப்படி ஒரு தாளைக் கேட்பதில்லை. சில பெரிய நிறுவனங்கள் தாங்களாகவே லோடு ஏற்றும்முன் பட்டியல் வைத்து டிக் அடிக்கின்றன. மற்றவர்களுக்கு எல்லாம் போனில்தான். டிரைவர் சொல்கிறார், முதலாளி அடுத்த டிரிப்பில் பார்க்கலாம் என்கிறார். விபத்து நடந்தபின் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஆதாரம் ஏது?

அடுத்த டிரிப்புக்கு முன்பே ஸ்பிரிங் பட்டை உடைந்தால் வண்டி நெடுஞ்சாலையிலேயே நிற்கும். முக்கோண எச்சரிக்கைப் பலகை கேபினில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓரத்தில் கிடக்கும் கற்களைப் பொறுக்கி வண்டிக்குப் பின்னால் வரிசையாக வைப்பார்கள், மரக்கிளையை ஒடித்துச் செருகுவார்கள். பகலில் அது போதுமான எச்சரிக்கை. மூன்று நான்கு மணி நேரம் கழித்து, கிரீஸ் அப்பிய கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் ஏறுவார், லாரி கிளம்பிவிடும். கற்கள் அங்கேயே கிடக்கும். இருட்டிய பின் அந்த வழியாக ஒரு மோட்டார் சைக்கிள் வரும்.