பண்ணைக் கொட்டகைக்கு அசையாத பட்டறை மேஜை

நாற்றைப் பறித்துக் கட்டி வைத்த வேளையில் ஆயில் இன்ஜின் நின்றுவிடுவதும், கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாளில் பம்பு ஒழுகத் தொடங்குவதும் விவசாயிகளுக்குப் பழகிப்போன தொல்லைகள். பெரும்பாலும் பழுது சிறியதாகவே இருக்கும். ஆனால் கழற்றிய பம்பைக் களத்து மண்ணிலோ, வண்டிப் பலகையிலோ வைத்துத்தான் வேலை பார்க்கிறார்கள். ஒரு சிட்டிகை மணல் பேரிங்குக்குள் புகுந்தால் போதும், சிறு பழுது பெரும் செலவாகிவிடும். வேலை செய்யும்போது பொருள் நழுவினால் கையில் காயம் படும். இவற்றைத் தவிர்க்க, டிராக்டர் கொட்டகையிலோ மோட்டார் அறையிலோ ஒரு பட்டறை மேஜை இருப்பது நல்லது. ஊர்த் தச்சரைக் கொண்டு இதை எளிதில் செய்துகொள்ளலாம்.

மேஜை ஏன் ஆடுகிறது?

சாப்பாட்டு மேஜைக்கு மேலிருந்து கீழே அழுத்தும் பாரம் மட்டுமே உண்டு. பட்டறை மேஜைக்கு அப்படியல்ல. அரம் போடும்போதும், குழாயைத் திருகும்போதும் அது பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. கால்கள் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்தத் தள்ளுதலை மட்டும் அவை தாங்கமாட்டா. நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டித் தள்ளினால் அது சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஐந்தாவது குச்சியைக் கட்டிவிட்டால் சாயாது. மேஜை உறுதியின் ரகசியம் இவ்வளவுதான். கனம், இறுகிய மூட்டு, குறுக்குச் சட்டம் ஆகிய மூன்றும் இருந்தால் மேஜை அசையாது.

எந்த மரம்?

தேக்கு வாங்க வேண்டிய அவசியமில்லை. தோட்டத்து வேம்பு, கருவேலம், புளி ஆகியவை போதும். வெளிப்புற வெள்ளை மரத்தை உளுக்கும் வண்டும் எளிதில் தின்றுவிடும். ஆதலால் வைரம் பாய்ந்த பகுதியையே எடுத்துக்கொள்ள வேண்டும். கருவேல மரத்தைக் குளத்து நீரில் சில வாரங்கள் ஊறப் போட்டு எடுப்பது பழைய வழக்கம். மரத்திலுள்ள மாவுச் சத்து கரைந்துவிடுவதால் வண்டு தாக்குவது குறையும்.

பச்சை மரத்தில் மேஜை செய்யக் கூடாது. காயும்போது மரம் நீளத்தில் ஏறக்குறைய சுருங்குவதில்லை; அகலத்தில்தான் சுருங்கும். இதனால் மூட்டுகள் தளர்ந்து பலகை வளையும். அறுத்த பலகைகளை நிழலில், இடையிடையே சிறு சட்டங்கள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காயவிடுவது பொதுவான கணக்கு. முனைகளில் சாணத்தையோ தாரையோ பூசினால் வெடிப்பு குறையும். அவ்வளவு நாள் பொறுக்க முடியாதவர்கள் பழைய வீடு பிரித்த உத்திரங்களை வாங்கலாம். ஆனால் அறுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் ஆணிகளைப் பிடுங்கிவிட வேண்டும்.

அளவுகள்

மேஜையின் நீளம் 180 செ.மீ., அகலம் 60 செ.மீ. போதுமானது. உயரத்தை அவரவர் ஆகிருதிக்கேற்ப முடிவு செய்ய வேண்டும். நின்றபடி கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரத்தில் வைஸின் வாய் அமைவது நல்லது. முழங்கை உயரம் 102 செ.மீ., வைஸின் உயரம் 17 செ.மீ. என்றால், மேஜையின் உயரம் 85 செ.மீ. ஆகும். அதற்குத் தேவையானவை:

கால்கள் 4: 10 செ.மீ. சதுரம், 80 செ.மீ. நீளம்.
நீளச் சட்டங்கள் 4: 10 x 5 செ.மீ., 160 செ.மீ. நீளம்.
பக்கச் சட்டங்கள் 4: 10 x 5 செ.மீ., கழுந்து உட்பட 40 செ.மீ. நீளம்.
மேல் பலகைகள் 3: 20 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனம், 180 செ.மீ. நீளம்.

கீழ்த்தட்டுப் பலகை, குறுக்குச் சட்டங்கள், சேதாரம் எல்லாம் சேர்த்து சுமார் 6 கன அடி மரம் பிடிக்கும்.

செய்முறை

முதலில் இரண்டு பக்கச் சட்டகங்களைச் செய்ய வேண்டும். இரண்டு கால்களைப் பக்கச் சட்டங்கள் இரண்டால் இணைக்க வேண்டும்; ஒன்று காலின் தலையோடு சமமாகவும், மற்றொன்று தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலும் இருக்கட்டும். காலில் துளையிட்டு, சட்டத்தின் கழுந்தை இறுகச் செருகி, மூங்கில் ஆணி அடிக்கவும். சட்டகத்தின் வெளி அகலம் 50 செ.மீ. வரும்.

அடுத்து, நீளச் சட்டங்கள் உட்காரும் இடங்களில் காலின் வெளிப்புறத்தை 2 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, சட்டத்தை அதில் பதிய வைத்து, மூட்டுக்கு இரண்டு வீதம் 12 மி.மீ. போல்ட்டுகளை வாஷருடன் முடுக்க வேண்டும். மொத்தம் 16 போல்ட்டுகள், 15 செ.மீ. நீளத்தில் தேவைப்படும். இரண்டு துளைகளும் ஒரே நார் வரிசையில் வந்தால் மரம் பிளக்கும். ஆகவே கோணலாகப் போட வேண்டும். முழுதும் முடுக்குமுன் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்க்கவும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டகம் மட்டமாக இருக்கிறது என்று பொருள்.

பிறகு பின்புறத்தில் ஒன்று, இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று என மூலைக்கு மூலை குறுக்குச் சட்டங்களைப் பொருத்த வேண்டும். முன்புறத்தில் வேண்டாம், காலை இடிக்கும். செலவு குறைக்க நினைப்பவர்கள் முதலில் விட்டுவிடுவது இந்தச் சட்டங்களைத்தான். மேஜை ஆடத் தொடங்குவதும் அதனால்தான்.

மேல் பலகைகளின் நடுப்பகுதி தாழாமலிருக்க, நீளச் சட்டங்களுக்கு இடையே ஒரு சட்டம் கொடுக்கவும். ஓரப் பலகைகளை நீளச் சட்டங்களிலும், நடுப்பலகையைப் பக்கச் சட்டங்களிலும் 10 செ.மீ. நீளமுள்ள பெரிய திருகாணிகளால் பிணைக்க வேண்டும். ஒரு பலகைக்கு இரண்டாவது வரிசைத் திருகாணி போட்டால், அந்தத் துளைகளை அகலவாக்கில் 3 மி.மீ. நீட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கோடையில் சுருங்கும்போது பலகை வெடித்துவிடும். திருகாணித் தலைகளை மரத்துக்குள் பதிய விட்டால் பொருள்கள் கீறாது.

வைஸ் பொருத்துதல்

முன்காலை ஒட்டிய இடமே வைஸுக்கு ஏற்றது. மேஜையின் நடுவில் பொருத்தினால், அடிக்கும்போது பலகை அதிரும். வைஸின் அசையாத வாய் மேஜை விளிம்புக்குச் சற்று வெளியே நிற்கட்டும். அப்போதுதான் நீளமான குழாயைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். போல்ட்டுகள் கீழுள்ள சட்டத்தில் இடிக்காதபடி, துளையிடுமுன் வைஸை வைத்துக் குறித்துக்கொள்ளவும். பலகைக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு கொடுத்து முடுக்கினால் மரம் நசுங்காது.

கரையானும் பராமரிப்பும்

கால்களை மண் தரையில் நிறுத்தக் கூடாது. காலின் அடியில் தார் பூசி, கருங்கல்லின் மீதோ சிமெண்ட் தரையிலோ நிறுத்த வேண்டும். முன்பு கரையானுக்கு ஆல்டிரின் ஊற்றுவார்கள். அது 1996-இல் தடை செய்யப்பட்டுவிட்டது. எங்காவது பழைய டப்பா கிடைத்தாலும் தொடக் கூடாது. மேஜையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டால், கரையான் புற்று கண்ணில் படும்.

பங்குனி, சித்திரை வெயிலில் மரம் சுருங்கி நட்டுகள் தளரும். ஆண்டுதோறும் அந்தச் சமயத்தில் ஒருமுறை முடுக்கிவிட வேண்டும். கீழ்த்தட்டில் கலப்பைக் கொழு, பழைய இரும்பு போன்றவற்றை வைத்தால் மேஜைக்கு இன்னும் கனம் கூடும். பூச்சி மருந்து, டீசல், வைக்கோல் ஆகியவற்றை மேஜையருகில் வைக்கவே கூடாது. சாணைச் சக்கரத்தின் பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

மேஜை முடிந்ததும் வைஸில் ஓர் இரும்புக் கம்பியைப் பிடித்து, அரம் போட்டுப் பார்க்கலாம். மேஜை நகராமல் இரும்பு தேய்ந்தால் வேலை சரியாக முடிந்தது. எங்காவது அசைவு தெரிந்தால் அந்த மூட்டை அன்றைக்கே கவனித்துவிட வேண்டும். தண்ணீர் கட்டும் நாளில், இன்ஜின் பழுதாகி நிற்கும்போது அதைச் சரிசெய்ய நேரம் இருக்காது.