காருக்குப் பின்னால் ஓடும் 'கண்ணீர்த்துளி' வீடு!

8 அடிப் பலகையில் அமெரிக்கர்கள் கட்டும் கூண்டு வண்டி; முன்பாரம் குறைந்தால் உயிருக்கே ஆபத்து

சொந்த வீடு கட்டி முடிப்பதற்குள் மாதச் சம்பளக்காரனுக்குத் தலை நரைத்து விடுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சுத்தியலும் ரம்பமும் எடுத்து, தன் கையாலேயே ஒரு வீட்டைக் கட்டி, அதைக் காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

வீடு என்றால் மாளிகை அல்ல. நீளம் 8 அடி. அகலம் 4 அடி. உயரமும் 4 அடிதான்! உள்ளே நிற்க முடியாது. உட்காரலாம், படுக்கலாம். கணவன்-மனைவி இரண்டு பேர் படுத்தால் இடம் சரி.

சமையல்கட்டு? அது பின்பக்கம். கார் டிக்கியைத் தூக்குவது போலப் பின்மூடியைத் தூக்கினால் அடுப்பு, ஐஸ் பெட்டி, பாத்திரம், பண்டம் எல்லாம் அடுக்கி இருக்கும். தூக்கிய மூடியே தலைக்கு மேல் கூரை. வீட்டுக்காரம்மா தரையில் நின்றுகொண்டு சமைக்கலாம். வீட்டுக்காரரும் சமைக்கலாம்!

முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இருப்பதால் பக்கவாட்டில் பார்த்தால் கண்ணீர்த்துளியைப் படுக்க வைத்தது போல இருக்கும். அதனால்தான் 'டியர்டிராப் டிரெய்லர்' என்று பெயர். இந்த உருவம் அழகுக்காக மட்டும் வந்தது அல்ல. எதிர்க்காற்று வழுக்கிக்கொண்டு போகும். சின்னக் கார் கூட மூச்சு வாங்காமல் இழுக்கும்.

மழையில் நனைந்த விஞ்ஞானி

காருக்குப் பின்னால் வீடு கட்டி இழுக்கும் பைத்தியம் அமெரிக்காவில் 1920-களிலேயே பிடித்துவிட்டது. டெட்ராய்ட் நகரில் ஆர்தர் ஷெர்மன் என்று ஒரு கிருமி ஆராய்ச்சியாளர். விடுமுறைக்குப் போக மடக்குக் கூடாரம் வைத்த வண்டி ஒன்றை வாங்கினார். போன இடத்தில் நல்ல மழை. கூடாரத்தை விரிப்பதற்குள் நனைந்து தொப்பல்!

'இது சரிப்படாது' என்று முடிவு கட்டியவர், மடக்கவும் வேண்டாம், விரிக்கவும் வேண்டாம் என்று சக்கரத்தின் மேல் ஒரு மரப்பெட்டியையே வீடாகச் செய்ய வைத்தார். வீட்டுக் குழந்தைகள் அதற்கு வைத்த பெயர் 'கவர்டு வேகன்'. நம்ம ஊர் பாஷையில் கூண்டு வண்டி. அந்தப் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். 1930-களில் அமெரிக்காவின் பெரிய டிரெய்லர் கம்பெனிகளில் அதுவும் ஒன்று.

அது வசதி உள்ளவர்களுக்கு. 1929-ல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் வேலை போனவர்களும் சம்பளம் குறைந்தவர்களும் என்ன செய்வார்கள்? 'நாமே கட்டிக்கொள்வோம்' என்று கிளம்பினார்கள். கண்ணீர்த்துளி வண்டி அந்த 1930-களில்தான் தலையெடுத்தது.

1945-ல் உலகப்போர் முடிந்தது. ராணுவத்தில் மிஞ்சிய ஜீப் சக்கரங்களும் அலுமினியத் தகடுகளும் சந்தைக்கு வந்தன. போர்முனையில் இருந்து திரும்பிய வாலிபர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். கையில் பணம் குறைவு. ஊர் சுற்ற ஆசை அதிகம். 1947-ம் ஆண்டு 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற பத்திரிகை, வண்டியின் படத்தை அளவுகளோடு அச்சடித்தது. பத்திரிகையைப் பார்த்தே கார் ஷெட்டில் வண்டி கட்டியவர்கள் ஏராளம்.

பிறகு நின்று நடக்கக்கூடிய பெரிய டிரெய்லர்கள் வந்தன. வழியெங்கும் மோட்டல்கள் வந்தன. 1960-களில் கண்ணீர்த்துளியைச் சீந்துவார் இல்லை. 1990-களில் மறுபடியும் மவுசு வந்தது. இன்றைக்கும் வீட்டுக் கொல்லையில் பலகை அறுத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

ஏன் 8-க்கு 4?

இந்த வண்டியின் அளவை முடிவு செய்தது மனிதன் அல்ல, பிளைவுட் பலகை! கடையில் கிடைக்கும் ஒரு பலகை 8 அடி நீளம், 4 அடி அகலம். தரைக்கு ஒரு பலகை. இடதுபக்கச் சுவருக்கு ஒன்று. வலதுபக்கச் சுவருக்கு ஒன்று. ஒட்டுப் போடாமல் வேலை முடிந்தது. கூரைக்கு மட்டும் வளைகிற மாதிரி மெல்லிய பலகை. இன்னும் தாராளமாக வேண்டும் என்பவர்கள் 10 அடிக்கு 5 அடி என்று கட்டுவதும் உண்டு. அதற்குச் செலவும் கூடும், எடையும் கூடும்.

முதல் வேலை இரும்புச் சட்டம். நடுவில் ஒரே அச்சு, இரண்டு சக்கரம். வெல்டிங் தெரிந்தவர்கள் சொந்தமாகச் செய்கிறார்கள். தெரியாதவர்கள் போல்ட்டு போட்டு மாட்டும் சட்டத்தைக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்து சுவர். மெல்லிய மரப்பட்டையை வில் போல வளைத்துப் பிடித்து, அதன் ஓரமாகப் பென்சிலால் வளைவு போடுகிறார்கள். இரண்டு பலகைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கி, ஓரங்களைச் சேர்த்தே இழைக்கிறார்கள். இடது சுவரும் வலது சுவரும் ஒரு நூல் கூட வித்தியாசப்படக் கூடாது. வித்தியாசப்பட்டால் கூரை கோணிக்கொள்ளும்; பின்மூடி மூடாது.

வாசலுக்காகச் சுவரில் அறுத்து எடுத்த துண்டை எறிவது இல்லை. அதற்கே கீல் அடித்தால் கதவு ரெடி! ஜாக்கிரதையாக அறுத்தவனுக்குக் கதவு இலவசம்.

8 அடிக்குள் படுக்கையும் சமையல்கட்டும் எப்படி அடங்கும்? அதற்கும் யுக்தி உண்டு. படுத்துக் காலை நீட்டினால், கால் போய் சமையல் மேடைக்கு அடியில் நுழையும். உள்ளே காலை நீட்டுகிறார்கள், வெளியே அதற்கு மேலே காப்பி கொதிக்கிறது!

மழைதான் எதிரி

வண்டியைக் கெடுப்பது வேகம் அல்ல, தண்ணீர். பலகை இடுக்கில் தண்ணீர் இறங்கினால் கொஞ்ச நாளில் மரம் ஊறி, உப்பி, உளுத்துவிடும். அதனால் அடிப்பக்கத்துக்குத் தார் கலந்த பூச்சு. மேலே அலுமினியத் தகடு. தகடு வாங்கக் கட்டுப்படி ஆகாதவர்கள் கித்தான் துணியை மரப்பசையில் தோய்த்து ஒட்டி, அதன் மேல் பெயிண்டைப் பல முறை அடிக்கிறார்கள்.

மிகவும் பயப்படுகிற இடம் பின்மூடியின் கீல். கூரையும் மூடியும் சேரும் அந்தக் கோட்டில்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். இதற்கென்று வண்டியின் அகலம் முழுவதும் ஓடும் அலுமினியக் கீல் இருக்கிறது. ஒரு மடிப்புக்குள் இன்னொரு மடிப்பு கோத்துக்கொள்ளும். தண்ணீர் அதன் மேலேயே ஓடிப் போய்விடும்.

முன்பாரம், பின்பாரம்

இனிதான் உயிர் நாடியான விஷயம். இதில் தப்பு செய்தால் பலகை போகாது, ஆளே போய்விடுவான்.

நம்ம ஊர் மாட்டு வண்டிக்காரர்களுக்கு இது பால பாடம். பின்பாரம் அதிகமானால் ஏர்க்கால் மேலே தூக்கும். நுகத்தடி மாட்டின் கழுத்தை இழுக்கும். முன்பாரம் அதிகமானால் மாடு பாரம் தாங்காமல் படுக்கும். 'பாரம் பாத்து ஏத்துப்பா!' என்பது அதனால்தான்.

கார் இழுக்கும் வண்டிக்கும் அதே கணக்குதான். வண்டியின் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை காரின் கொக்கி மேல் உட்கார வேண்டும். வண்டியும் சாமானும் சேர்த்து 450 கிலோ என்றால், கொக்கியின் மேல் 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. 67 கிலோவுக்கு மேலும் போகக் கூடாது.

குறைந்தால் என்ன ஆகும்? வேகமாகப் போகும்போது பக்கத்தில் ஒரு லாரி கடந்தால் போதும். அந்தக் காற்றில் வண்டியின் பின்புறம் இடதும் வலதும் ஆட ஆரம்பிக்கும். நாய் வாலை ஆட்டுவது போல! ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதை விடப் பெரிதாகும். கடைசியில் வண்டி ஆட்டும் திசைக்கெல்லாம் காரும் போகும். கவிழ்ந்த கார்கள் உண்டு.

முன்பாரம் அதிகமானாலும் தொல்லைதான். காரின் பின்புறம் தாழும், முன் சக்கரம் லேசாகும். ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது.

கண்ணீர்த்துளி வண்டிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். கனமான சாமான் எல்லாம் சமையல்கட்டில். சமையல்கட்டோ பின்கோடியில். ஐஸ், தண்ணீர், அடுப்பு என்று அடுக்க அடுக்கப் பின்பாரம் ஏறிக்கொண்டே போகும். அதனால் அனுபவசாலிகள் அச்சை வண்டியின் நடுமையத்துக்குச் சற்றுப் பின்னால் வைக்கிறார்கள். பாட்டரி, கருவிப் பெட்டி இவற்றை முன்னால், ஏர்க்கால் மேலே ஏற்றுகிறார்கள்.

சரிபார்க்கப் பெரிய எடைமேடை வேண்டாம். ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் சின்ன மெஷின் போதும். சாமானை எல்லாம் ஏற்றியபிறகு, கொக்கியின் மூக்கை வண்டி ஓடும் உயரத்தில் அதன் மேல் நிறுத்தினால் கணக்கு தெரிந்துவிடும். வெறும் வண்டியை நிறுத்துப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஓடும்போது ஆட்டம் தொடங்கிவிட்டால்? பதறிப்போய் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். பிறகு ஓரம் கட்டி, சாமானை மாற்றி அடுக்க வேண்டும்.

மூச்சு முட்டும்!

பெட்டி சின்னது. இரண்டு பேர் கதவைச் சாத்திப் படுத்தால் விடிகாலையில் சுவரெல்லாம் வேர்த்துவிடும். அதனால் கூரையில் 14 அங்குலச் சதுரத்துக்கு ஒரு காற்றுத் துவாரம் வைத்து, சின்ன விசிறியும் மாட்டுகிறார்கள்.

எவ்வளவு குளிர் அடித்தாலும் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ உள்ளே பற்ற வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. அதில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்கினவன் எழுந்திருக்க மாட்டான். அடுப்பைப் பின்பக்கம் வெளியே வைத்த காரணத்தில் இதுவும் சேர்த்தி.

கட்டியவுடன் ரோட்டில் இறக்கிவிடவும் முடியாது. கொக்கி கழன்றாலும் வண்டி தனியே ஓடாமல் இருக்க இரண்டு பாதுகாப்புச் சங்கிலி வேண்டும். காரில் பிரேக் மிதித்தால் வண்டியின் பின்னாலும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. பல மாநிலங்களில் அதிகாரி வந்து பார்த்து, வண்டிக்கு நம்பர் கொடுத்தால்தான் ஓட்டலாம். பலகை, அச்சு, டயர் வாங்கிய ரசீதைக் கேட்பதும் உண்டு. இந்த வண்டி கட்டுகிறவன் முதலில் கற்றுக்கொள்கிற தொழில் தச்சு அல்ல. ரசீதைப் பத்திரமாக வைப்பது!