கருவி பயன்படுகிறதா? பயனாளரே சொல்ல வேண்டும்

தண்டுவடக் காயம், பக்கவாதம், தசைச்சிதைவு முதலியவற்றால் கைகால்களின் இயக்கம் குன்றியவர்கள் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள உதவும் மின்னணுக் கருவிகள் பல இன்று உள்ளன. ஒரே ஒரு பொத்தானை அழுத்தியோ, மெல்லிய குழாயில் ஊதியோ உறிஞ்சியோ, குரலால் ஆணையிட்டோ விளக்கு, மின்விசிறி, தொலைபேசி, அழைப்பு மணி ஆகியவற்றை இயக்கலாம். நள்ளிரவில் எவரையும் எழுப்பாமல் மின்விசிறியை நிறுத்துவது நம்மில் பலருக்குச் சிறு செயல். படுக்கையிலேயே இருப்பவருக்கோ அது தன்னுரிமை.

ஆயினும், வீட்டுக்குச் சென்ற உதவிக் கருவிகள் அனைத்தும் பயன்பாட்டில் நீடிப்பதில்லை. பலவகை உதவிக் கருவிகளைப் பெற்ற 227 பேரிடம் நடத்தப்பட்டு, 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 29 விழுக்காடு கருவிகள் கைவிடப்பட்டிருந்தது தெரியவந்தது. கருவியின் குறைந்த செயல்திறன், பயனாளரின் தேவையில் ஏற்பட்ட மாற்றம் ஆகியவற்றோடு, தேர்ந்தெடுக்கும்போது பயனாளரின் கருத்துக்கு இடமளிக்காமையும் ஒரு காரணம் என அது கண்டது.

எனவேதான் மறுவாழ்வு மருத்துவத்தில் பயனாளரின் மனநிறைவை அளக்கும் முறைகள் தோன்றின. அவற்றுள் பரவலாக வழங்குவது, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லூயிஸ் டெமர்ஸ் முதலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘குவெஸ்ட்’ வினாத்தாள். அதன் இரண்டாம் பதிப்பில் 12 வினாக்கள் உள்ளன. எட்டு வினாக்கள் கருவியைப் பற்றியவை: அளவு, எடை, பொருத்திச் சரிசெய்யும் வசதி, பாதுகாப்பு, நீடித்து உழைத்தல், கையாளும் எளிமை, சௌகரியம், தேவையை நிறைவேற்றும் திறன். எஞ்சிய நான்கும் சேவையைப் பற்றியவை: கருவி வந்துசேர்ந்த முறையும் காலமும், பழுதுபார்ப்பு, வல்லுநர்களின் விளக்கமும் கவனிப்பும், தொடர் கண்காணிப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் தரவேண்டும். ‘சிறிதும் நிறைவில்லை’ என்றால் 1; ‘மிகவும் நிறைவு’ என்றால் 5. ஐந்துக்குக் குறைவாக அளித்த வினாவுக்குக் காரணம் எழுதவும் இடம் உண்டு. இறுதியாக, பன்னிரண்டில் தமக்கு மிக முக்கியமான மூன்றைப் பயனாளர் குறிக்க வேண்டும்.

இம்மூன்றைக் கேட்பது ஏன்? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கருவி பற்றிய எட்டு வினாக்களில் ஏழுக்கு 5-உம், பாதுகாப்புக்கு மட்டும் 1-உம் ஒருவர் அளிக்கிறார். கூட்டினால் 36, சராசரி 4.5. எண்ணை மட்டும் பார்ப்பவர், “மிகச் சிறப்பு” என்றே முடிவு செய்வார். ஆனால் அந்த ஒரு மதிப்பெண்ணுக்குக் காரணம், மின்சாரம் நின்றால் அழைப்பு மணி ஒலிக்காது என்பதாக இருக்கலாம். பாதுகாப்பையே தம் முதல் தேவையாக அவர் குறித்திருந்தால், செய்யவேண்டியது உடனே விளங்கும்: மாற்று மின்கலம் ஒன்றைப் பொருத்த வேண்டும். சராசரி மறைப்பதை அந்தத் தனி விடை காட்டுகிறது.

ஆகவே நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் சில வேண்டுகோள்கள்.

நன்றியுணர்வால் எல்லாவற்றுக்கும் ஐந்து என எழுதிவிடாதீர்கள். “இவ்வளவு பாடுபட்டு வாங்கித் தந்தார்களே, குறை சொல்லலாமா?” என்ற தயக்கம் இயல்பானதே. ஆனால் உங்கள் குறைந்த மதிப்பெண் எவர்மீதும் சுமத்தும் குற்றச்சாட்டு அன்று. எதைத் திருத்த வேண்டும் என்பதற்கான வழிகாட்டுதல்.

விடை பயனாளருடையதாகவே இருக்கட்டும். பேசவோ எழுதவோ இயலாதவருக்கு வினாக்களைப் படித்துக் காட்டுங்கள்; 1 முதல் 5 வரை எழுதிய அட்டையில் ஒவ்வோர் எண்ணாகச் சுட்டினால், கண்ணிமைத்தோ தலையசைத்தோ அவர் தெரிவிக்கலாம். அவசரப்படுத்த வேண்டாம். கவனித்துக்கொள்பவரின் கருத்தும் மதிப்புடையதே. ஆனால் அதைத் தனியே தெரிவியுங்கள். கருவியால் உங்கள் வேலை குறைந்திருப்பதும், அதைப் பயன்படுத்துபவர் நிறைவாக இருப்பதும் ஒன்றல்ல.

கருவி வந்த நாளின் மகிழ்ச்சியை மட்டும் வைத்து மதிப்பிடாதீர்கள். சில வாரங்கள் பயன்படுத்தியபின் விடையளியுங்கள். நோயின் நிலை மாறினால் மீண்டும் மதிப்பிட வேண்டும். முன்பு விரலால் அழுத்திய பொத்தானை இன்று அழுத்த இயலாவிட்டால், அதைத் தலையாலோ தோளாலோ இயக்கும்படி மாற்றி அமைக்க வழியுண்டு.

பயன்படுத்தாத கருவி ஏதேனும் உங்கள் அலமாரியில் இருக்கிறதா? எந்த நாளில், எந்த வேலையின்போது, என்ன இடையூறு நேர்ந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, அடுத்த வருகையின்போது உங்கள் சிகிச்சையாளரிடம் கூறுங்கள். சிறு மாற்றத்தால் அது மீண்டும் பயன்படலாம். இல்லையெனில், உங்களுக்குப் பொருந்தும் வேறொன்றைத் தேர்ந்தெடுக்க அக்குறிப்பு உதவும்.